முகம் எழுதக் கற்பித்த ரெம்பிராண்ட்

புதிதாகச் சித்திரம் எழுதப் புகுவார் மரத்தையும் மலையையும் ஓரளவு துணிவோடு எழுதிவிடுகின்றனர். கிளையொன்று சிறிது இடம் மாறினும் மரம் மரமாகவே நிற்கும்; அதனைக் கண்டு குறை கூறுவாரும் இலர். மனித முகத்தை எழுதப் புகும்போதுதான் கை தயங்குகின்றது. கண்ணை வருந்தி எழுதி, மூக்கை எழுதி, வாயையும் செவியையும் எழுதி முடித்து, எட்ட நின்று நோக்கினால், உறுப்புக்கள் யாவும் இருக்கின்றன, ஆளைத்தான் காணோம். எதிரே அமர்ந்திருந்த நண்பரோ படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போகின்றார். இத்துன்பத்தை அறியாதவர் வரையப் பழகினவர் அல்லர்.

இளைஞரை இதனின்றும் கரையேற்றுதற்கு வழி யாது என்று ஆராயப் புகுந்த நமக்கு, ஹாலந்து தேசத்து ஓவியராகிய ரெம்பிராண்டின் வாழ்க்கை பெரிதும் துணை செய்தது. அவருடைய படங்களைப் புகழ்வார் பலர். அவர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆசிரியராகவும் இருந்தார் என்பதை நினைப்பவர் சிலரே. ஆராய்ச்சியாளர் கணக்கின்படி ஐம்பதின்மர் அளவினர் அவரிடம் பயின்றனர். கற்பிக்கும் முறையைப் பற்றி அவர் நூலொன்றும் இயற்றினாரல்லர். அவர் கைப்பட எழுதிய கடிதங்களுள் இன்று எஞ்சியுள்ளவை ஏழே. அவ்வேழும் படங்களை ஒப்புவித்தலும் பணம் பெறுதலுமாகிய செய்திகளையே பேசுவன. ஆகவே, அவர் எங்ஙனம் கற்பித்தார் என்பதை மாணாக்கர் எழுதிவைத்த நூல்களிலிருந்தும், அவர் திருத்திக் கொடுத்த தாள்களிலிருந்தும், வரவு செலவுக் குறிப்புக்களிலிருந்தும் சிறிது சிறிதாகப் பொறுக்கி எடுக்க வேண்டியதாயிற்று.

ரெம்பிராண்ட் 1606-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15-ந் தேதி லெய்டன் நகரில் பிறந்தார். தந்தையார் ரைன் நதிக்கரையில் காற்றாடி ஆலையொன்று வைத்து மாவரைக்கும் தொழில் நடத்தினவர். தாயார் ரொட்டி சுடுவார் குடும்பத்தவர். பெற்றோர் மகனைப் புலவனாக்க எண்ணி லத்தீன் பள்ளிக்கு அனுப்பினர். 1620-இல் லெய்டன் சர்வகலாசாலையின் மாணாக்கர் பட்டியலிலும் அவர் பெயர் பதியப்பெற்றது. ஆயினும் பையனுடைய மனம் சித்திரத்திலேயே நின்றது. உள்ளூர் ஓவியராகிய ஸ்வானன்பர்க் என்பவரிடம் மூன்றாண்டுகளும், பின்னர் ஆம்ஸ்டர்டாம் நகரில் லாஸ்ட்மன் என்பவரிடம் ஆறு திங்களும் பயின்று, தம் ஊர் திரும்பித் தனியே தொழில் தொடங்கினார். ஆறு திங்கட் பயிற்சியே மூன்றாண்டுப் பயிற்சியினும் மிகுதியாக அவர் ஓவியங்களில் விளங்குகின்றது. ஆசிரியரிடம் கழித்த காலத்தின் அளவு ஒன்றே கல்வியின் அளவன்று போலும்.

1628-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், கண்ணாடித் தொழிலாளர் ஒருவருடைய மகனாகிய கெரிட் டௌ என்னும் பதினான்கு வயதுப் பையன் அவரிடம் மாணாக்கனாக வந்து சேர்ந்தான். ஆசிரியருக்கு அப்போது வயது இருபத்தொன்று. அவரே இன்னும் கற்றுக்கொண்டிருந்த காலம் அது. முகத்தில் தோன்றும் வியப்பு, சினம், நகை, அச்சம் முதலிய மெய்ப்பாடுகளை எழுத விரும்பினார். அவற்றைக் காட்டிக்கொண்டு நெடும்பொழுது அசையாமல் அமர்ந்திருப்பார் யாவர்? கூலி கொடுத்து ஓர் ஆளை அமர்த்தினாலும், ஐந்து நிமிஷத்தில் அவன் சினம் ஆறிப்போகும். எனவே ரெம்பிராண்ட் ஒரு கண்ணாடியை எடுத்து முன்னே வைத்துக்கொண்டு, தம் முகத்தையே பாடமாக்கினார். கண்களை அகல விழித்தும், பல்லைக் காட்டி நகைத்தும், புருவத்தை நெரித்தும், வாயைத் திறந்து கூவுவார்போல நின்றும், ஒவ்வொன்றையும் செப்புத் தகட்டில் கீறினார். மெழுகு பூசிய தகட்டில் ஊசியாற் கீறித் திராவகத்தில் இட்டு அரிக்கச் செய்து, பின்னர் மை தடவித் தாளில் ஒற்றி எடுக்கும் முறை அது. 1630-ஆம் ஆண்டைச் சார்ந்த இத்தகைய தாள்கள் பல இன்றும் உள்ளன. அவற்றுட் சில இரண்டு அங்குல அளவினவே. உள்ளங்கையில் அடங்கும் அத்துணைச் சிறு தாளில், திடுக்கிட்ட இளைஞன் ஒருவன் நம்மை நோக்கி விழிக்கின்றான்.

இக்கண்ணாடியே அவருடைய பள்ளியின் முதற் பாடநூல் என்று நாம் கருதுகின்றோம். அவருடைய மாணாக்கருள் ஒருவராகிய ஸாமுவேல் ஹூக்ஸ்திராத்தன் என்பார் முதிர்ந்த வயதில், 1678-இல், ஓவியக் கலையைப் பற்றிப் பெருநூலொன்று வெளியிட்டார். பிறருடைய உள்ளக் கிளர்ச்சியை எழுத விரும்புவோன் முதலில் அதனைத் தன்னுள்ளே எழுப்பிக்கொண்டு, கண்ணாடிக்கு முன் நின்று, நடிப்பவனும் காண்பவனும் தானேயாக வேண்டும் என்பது அந்நூலில் அவர் தரும் அறிவுரை. ஆசிரியர் இளமையிற் செய்ததையே மாணாக்கர் முதுமையில் விதியாக எழுதினார் என்பது வெளிப்படை.

வரையப் பழகும் நம் இளைஞர் இதனைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். கண்ணாடியில் தெரியும் முகத்துக்கு மூன்று நன்மைகள் உண்டு. அது கூலி கேளாது; களைப்பென்று எழுந்து போகாது; அழகாக எழுதவில்லையே என்று மனம் நோகாது. இவற்றினும் பெரியது மற்றொன்று. பிறர் முகத்தை எழுதுவோன் புறத்தையே காண்கின்றான். தன் முகத்தை எழுதுவோனோ, உள்ளே தோன்றிய உணர்ச்சி எத்தசையை இழுத்தது, எப்பக்கத்து நிழலை மாற்றியது என்பதை இருபுறமும் நின்று அறிகின்றான். கண் என்பது இரண்டு வளைவுகளுக்கு நடுவே வைத்த ஒரு புள்ளியன்று என்பதைத் தன் கண்ணால் அறிந்தவன், பிறகு அதனைப் பிறர் முகத்திலும் அறிவான்.

அவ்விளமைக் காலத்தைச் சார்ந்த தைலவர்ணச் சித்திரம் ஒன்று ஆம்ஸ்டர்டாமிலுள்ள அரசாங்கக் காட்சிச்சாலையில் இருக்கின்றது. ஒளி ஒரு பக்கத்தினின்று வந்து கன்னத்தின் ஓரத்திலும் கழுத்திலும் மட்டுமே விழுகின்றது. கண்கள் இரண்டும் இருளில் உள்ளன. முதன்முதல் கண்ணைத் தெளிவாக எழுதிவிட வேண்டுமென்று துடிக்கும் மாணாக்கனுக்கு இப்படம் பெருவியப்பைத் தரும். இருட்டில் விடப்பட்ட அக்கண்களே நம்மை விடாமல் நோக்குகின்றன; காண்பவனே அவற்றைத் தேடிக் காண வேண்டியிருப்பதால், காட்டப்பட்டவற்றினும் அவை ஆழ்ந்து பதிகின்றன. சுருண்ட மயிரையோ, ஈரம் உலராத வர்ணத்தில் தூரிகையின் பின்முனையாற் கீறியே காட்டிவிட்டார்.

1631-ஆம் ஆண்டை ஒட்டி அவர் ஆம்ஸ்டர்டாமுக்குப் பெயர்ந்து, உலென்பர்க் என்னும் சித்திர வணிகர் இல்லத்தில் தங்கித் தொழில் செய்தார். 1632-இல் வைத்தியர் டுல்ப் என்பவர் பிணமொன்றை அறுத்துப் பாடஞ் சொல்லும் காட்சியை எழுதிப் பெரும்புகழ் பெற்றார். 1634-இல் அவ்வணிகருடைய உறவினராகிய சாஸ்கியாவை மணந்தார். செல்வர் பலர் தம் முகத்தை எழுதுவித்துக்கொள்ள வந்தனர். மாணாக்கரும் திரண்டு வந்தனர். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 100 கில்டர் சம்பளம் கட்டினர் என்றும், அவர்கள் எழுதிய படங்களை விற்ற வகையில் ஆசிரியருக்கு ஆண்டுதோறும் 2000 முதல் 2500 கில்டர் வரை கிடைத்தது என்றும் சாண்ட்ரார்ட் என்னும் ஓவியர் 1675-இல் எழுதியுள்ளார். ஜூடர்வில் என்னும் அநாதைச் சிறுவனுக்காக அவனுடைய பாதுகாவலர் செலுத்திய சம்பளத்தின் ரசீதுகளும் இவ்வளவையே காட்டுகின்றன. மாணாக்கன் எழுதிய படம் ஆசிரியருக்கே உரியது என்பது அக்கால வழக்கம். ரெம்பிராண்ட் தாம் எழுதிய சித்திரமொன்றின் பின்புறத்தில், லேந்தர்ட் என்னும் மாணாக்கன் எழுதிய மலர்த்தெய்வத்தின் படம் 5 கில்டருக்கு விலையாயிற்று என்று கணக்கெழுதி வைத்திருக்கின்றார். இவ்வழக்கத்தின் விளைவைப் பின்னர்க் கூறுவோம்.

மாணாக்கர் தொகை பெருகவே, பூக்கால்வாய் என்னும் பொருள்படும் வீதியில் ஒரு பண்டசாலையை வாடகைக்குப் பிடித்து, தாளாலும் கித்தானாலும் சிறு சிறு அறைகளாகத் தடுத்து, ஒவ்வொருவனையும் தனித்தனியே இருத்தினார் என்று ஹௌப்ராக்கன் என்பவர் 1718-இல் எழுதிய ஓவியர் வரலாற்றிற் காண்கின்றோம். இவர் ஹூக்ஸ்திராத்தனிடம் பயின்றவராதலால், ரெம்பிராண்டுக்கு மாணாக்கரின் மாணாக்கர் ஆவார். ஒருவனை ஒருவன் பார்த்து எழுதாமல், எதிரே உள்ள உயிருருவை மட்டும் நோக்கி எழுதப் பழக்குவதே இத்தடுப்புக்களின் நோக்கம். அம்மாணாக்கர், ஆசிரியர் நடந்து வரும் தரையில் நாணயங்கள் கிடப்பனபோல வர்ணத்தால் எழுதிவைத்து, அவர் குனிந்து எடுக்க முயல்வதைக் கண்டு நகைப்பதுண்டு என்றும் அந்நூல் கூறுகின்றது. இது மெய்யோ, கட்டுக்கதையோ. மெய்யாயின், பையன்கள் பாடத்தை நன்றாகவே கற்றிருக்கின்றனர்!

பாடம் எந்த ஒழுங்கில் நடந்தது? அக்காலத்து ஓவியக் கூடங்கள் யாவற்றிலும் போல, முதலில் அச்சுப்படங்களையும் ஆசிரியர் கைச்சித்திரங்களையும் பார்த்தெழுதுதல். அடுத்துச் சுண்ணத்தால் வார்த்த தலைகளைப் பார்த்தெழுதுதல். கடைசியில் உயிருள்ள ஆளைப் பார்த்தெழுதுதல். ரெம்பிராண்டின் வீட்டிலும் பழைய ரோமச் சக்கரவர்த்திகள் முதலியோரின் தலைகள் வரிசையாக இருந்தன. ஆயினும் அவர் தம் மாணாக்கரைச் சுண்ணத் தலைகளோடு நெடுங்காலம் நிறுத்தி வைக்கவில்லை. ஓர் இளைஞனை நடுவே நிறுத்திச் சுற்றிலும் மாணாக்கர் அமர, ஆசிரியரும் அவர்களோடு அமர்ந்து எழுதுவார். 1646-ஆம் ஆண்டை ஒட்டி அங்ஙனம் நிகழ்ந்த ஒரு பாடத்தின் சான்று நமக்குக் கிடைத்துளது. ஒரே இளைஞனை வேறு வேறு பக்கத்தினின்று மாணாக்கர் எழுதிய தாள்கள் உள்ளன. ஆசிரியர் அவனையே செப்புத் தகட்டில் எழுதினார்.

அத்தகட்டில் ஒரு புதுமை உண்டு. நின்றும் இருந்தும் காட்சியளிக்கும் அவ்விளைஞன் உருவுக்குப் பின்னே, மெல்லிய கோடுகளால், ஒரு மூதாட்டி குனிந்து கைகளை நீட்டி அழைக்க, குழந்தையொன்று நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வருவதை எழுதியிருக்கின்றார். படத்தின் பெயரே நடைவண்டி என்று வழங்குகின்றது. ஆடையின்றி நிற்கும் இளைஞனுக்கும் நடைவண்டிக் குழந்தைக்கும் யாது தொடர்பு என்று பலர் மயங்கினர். தகடு மாணாக்கருக்காகச் செய்யப்பட்டதென்று அறிந்தபின் மயக்கம் நீங்குகின்றது. விழுந்து எழுந்து நடக்கக் கற்பதுபோலவே வரையவும் கற்க வேண்டும் என்பதை ஆசிரியர் வாயாற் சொல்லாமல் ஊசியாற் சொல்லிவிட்டார். நம் வீடுகளிலும் நடைவண்டி உண்டு. அதனைக் குழந்தைக்குக் கொடுப்பவர் நடப்பதற்குரிய விதிகளை எடுத்துரைப்பதில்லை. நான்கடி தள்ளி நின்று கையை நீட்டுகின்றனர்.

ஆயினும் அவர் இன்முகமே காட்டிய ஆசிரியர் என்று எண்ணிவிடலாகாது. தந்தையை இழந்தபின் 1642-ஆம் ஆண்டை ஒட்டி வந்து சேர்ந்த ஹூக்ஸ்திராத்தன், ஆசிரியருடைய கண்டிப்பால் மனம் நொந்து, ஊணும் நீரும் மறந்து கண்ணீரோடு அமர்ந்து, சுட்டிக்காட்டிய பிழையைத் திருத்தினாலன்றி இடத்தை விட்டு எழாதிருந்த நாட்களைத் தம் நூலில் நினைவுகூர்கின்றார். ஒருமுறை அவர் அடுக்கடுக்காகக் கேள்விகளைக் கேட்டு ஆசிரியரைத் தொந்தரவு செய்தபோது, அறிந்ததை முதலிற் செய்து பழகுக, அறியாதது தானே விளங்கும் என்ற கருத்துப்பட விடையிறுத்தாராம். இவ்விடை அச்சிறுவனுக்கு அன்று கைப்பாக இருந்திருக்கும். முப்பதாண்டுகளுக்கு மேல் கழிந்து நூலெழுதுங்கால் அதனையே அவர் பொன்போற் போற்றி எடுத்து வைத்தார்.

திருத்தும் முறையும் அறியத்தக்கது. ரெனெஸ் என்னும் இளைஞர் ஓவியத்தைப் பிழைப்பாகக் கொள்ளாமல் விருப்பத்தினால் மட்டும் பயின்றவர். பிற்காலத்தில் ஐந்தோவன் நகரத்தின் காரியதரிசியானவர். அவர் 1649-இல் ரெம்பிராண்டிடம் தாள்களைக் கொண்டுவந்து காட்டினார். தேவதூதன் மரியாளுக்குத் தோன்றிய காட்சியை அவர் எழுதிய தாளொன்று இன்று பெர்லினில் உள்ளது. மாணாக்கரின் கோடுகள் மெல்லியவை, ஒழுங்கானவை, அச்சமுடையவை. அவற்றின்மேல் ஆசிரியர் தடித்த நாணற் பேனாவை மையில் தோய்த்துச் சில வீச்சுக்களாற் திருத்தியிருக்கின்றார். மூக்கையோ விரலையோ அவர் திருத்தவில்லை. தேவதூதனைப் பெரிதாக்கினார். அங்ஙனம் பெரிதாக்கியவுடன், மரியாள் அஞ்சிப் பின்வாங்குதற்குக் காரணம் உண்டாகிவிட்டது! உறுப்பின் பிழையை மாணாக்கன் நாளை தானே கண்டுகொள்வான். உள்ளத்தின் பிழையை இன்றே காட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை போலும்.

இனி, முகச் சித்திரத்திற்கு உயிர்நிலையாகிய வினாவுக்கு வருவோம். படம் ஆளைப்போல இருக்க வேண்டுமா? இதென்ன கேள்வி, ஆளைப்போல் இல்லாத படத்துக்கு யார் பணம் கொடுப்பார் என்று நண்பர்கள் நகைக்கலாம். ரெம்பிராண்டின் காலத்தவரும் இதனைக் கேட்டனர். 1632-இல் அவர் எழுதிய டி கெய்ன் என்பவரின் உருவம் அவரைப்போலவே இல்லையென்று கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸ் என்னும் புலவர் லத்தீனில் எள்ளற் கவிகள் பாடினார். இவர் பகைவருமல்லர், ரெம்பிராண்டின் திறனை முதன்முதல் உணர்ந்து போற்றியவர்களுள் ஒருவர். பின்னர் 1654-இல் டி ஆந்திராடா என்னும் போர்த்துக்கேய வணிகர், 75 கில்டர் முன்பணம் கொடுத்து எழுதுவித்த இளம்பெண்ணொருத்தியின் படம் அவளைச் சிறிதும் ஒத்திருக்கவில்லை என்று எழுத்துமூலமாகவே முறையிட்டார். மீதிப் பணத்தைத் தந்தால் படத்தை முடிப்பேன், ஒப்புமை உண்டா இல்லையா என்பதை ஓவியர் சங்கத்தார் தீர்ப்பளிக்கட்டும், அவர்கள் இல்லையென்றால் திருத்துவேன், அதன்பின்னும் வணிகர் ஏற்காவிடில் படத்தை நானே வைத்து ஏலத்தில் விற்றுக்கொள்வேன் என்பது ரெம்பிராண்ட் அளித்த விடை. ஒப்புமையை ஆளின் சுற்றத்தார் அல்லர், ஓவியம் அறிந்தாரே அளக்க வேண்டும் என்று அவர் கருதினார் என்பது இதனால் தெளிவாகின்றது.

இவ்விடையில் செருக்கு உண்டு. எனினும் அதனைச் செருக்கென்று மட்டும் சொல்லி விடுதல் நமக்கு உடன்பாடன்று. 1642-இல் அவர் எழுதிய காவற்படையினரின் பெரிய சித்திரத்தில் இடம்பெறுவதற்குப் பதினெண்மர், ஒவ்வொருவரும் ஏறக்குறைய 100 கில்டர் வீதம் பணம் செலுத்தினர். அப்படத்தில் தனித்தனி ஆள்களினும் படம் முழுவதையுமே அவர் மிகுதியாகக் கருதினார் என்று பலர் குறைகூறியதை ஹூக்ஸ்திராத்தன் மறைக்கவில்லை. அக்குறையோடும் அது தன் போட்டிப் படங்கள் யாவற்றையும் கடந்து வாழும் என்றும் அவர் எழுதினார். அங்ஙனமே ஆயிற்று. அப்பதினெண்மருட் பலருடைய முகம் மெய்யாகவே எப்படியிருந்தது என்று இன்று கேட்பார் எவருமிலர். அவர்கள் நடந்து வருகின்றனர், அதனைக் காண்கின்றோம். முகத்தை எழுதக் கற்பவன் அளவுகோலைக் கைவிடலாமென்று நாம் கூறவில்லை. ஒப்புமையைத் தேடி ஓடுபவனுக்கு ஆள் அகப்படுவதில்லை என்பதும், ஆளைத் தேடுபவனுக்கு ஒப்புமை பெரும்பாலும் கூடவே வந்து சேர்கின்றது என்பதுமே நாம் அவருடைய தாள்களிற் கண்டது.

அவ்வாண்டே சாஸ்கியா இறந்தார். அதற்கு முன்பே மூன்று குழந்தைகள் பிறந்த சில வாரங்களுக்குள் மாண்டன. டைட்டஸ் என்னும் ஆண்மகவு ஒன்றே எஞ்சியது. அக்குழந்தையை வளர்க்க வந்த கீர்த்தியே என்னும் கைம்பெண் பின்னர் ரெம்பிராண்ட்மீது வாக்குத் தவறியதாக வழக்குத் தொடுத்தாள். ஆண்டுக்கு 200 கில்டர் கொடுக்குமாறு தீர்ப்பாயிற்று. 1650-இல் அவளைக் கௌடா நகரத்துத் திருத்தகத்தில் அடைப்பிப்பதற்கு அவரே முன்னின்றார். அவள் ஐந்தாண்டுகள் அங்கே கிடந்தாள். முதியோர் முகத்திலும் ஏழையர் முகத்திலும் அத்துணை இரக்கத்தைக் கண்ட கண், தன் வீட்டில் வாழ்ந்த ஒருத்தியினிடம் அதனைக் காணவில்லை. பெரியோர் வரலாறு எழுதுவார் பலர் இதனை விட்டுவிடுவர்; விட்டுவிட நமக்கு மனமில்லை. அதன்பின் ஹெந்திரிக்கியே என்னும் நல்லாள் மணவினையின்றியே அவரோடு வாழ்ந்து, அதுபற்றி 1654-இல் திருச்சபை மூப்பரால் இராப்போசனத்தினின்றும் விலக்கப்பட்டாள்.

1639-இல் அவர் 13,000 கில்டருக்கு வாங்கிய பெரிய வீட்டின் கடன் தீரவேயில்லை. கையில் வந்த பணமெல்லாம் சிற்பங்கள், சங்குகள், படைக்கலங்கள், அச்சுப்படங்கள் என்று வாங்கிக் குவித்ததிற் போயிற்று. 1656-இல் கடன் தீர்க்க வகையில்லையென்று நியாயஸ்தலத்தில் முறையிட்டார். அதிகாரிகள் அறை அறையாகப் புகுந்து 363 இலக்கங்களாகப் பொருள்களைப் பட்டியலிட்டனர். வீடு 1658-இல் 11,218 கில்டருக்கு விலைபோயிற்று. பின்னர் ஹெந்திரிக்கியேயும் டைட்டஸும் ஒரு வணிகக் கூட்டு அமைத்து, ரெம்பிராண்டை அதன் ஊழியராக வைத்துக் கடன்காரரிடமிருந்து காத்தனர்.

இவ்விடுக்கண் நாளில் அவர் செய்த ஒரு செயல் இந்தியராகிய நமக்கு நெருக்கமானது. நம் பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை எடுத்த அதே ஒல்லாந்துக் கும்பினியார் கீழ்த்திசையில் நடத்திய வணிகத்தால் பலவகைப் பண்டங்கள் ஆம்ஸ்டர்டாமுக்குச் சென்றன; மொகலாயச் சித்திரங்களும் அந்நகரை எய்தின. அவற்றை ரெம்பிராண்ட் கையில் எடுத்து, ஜகாங்கீர், ஷாஜகான் முதலிய பாதுஷாக்களின் உருவங்களை, ஆசிய நாட்டுத் தாளிலேயே, மெல்லிய கோடுகளாற் பார்த்தெழுதினார். அங்ஙனம் எழுதியவற்றுள் ஏறக்குறைய இருபத்துமூன்று தாள்கள் இன்றும் உள்ளன. தடித்த நாணற் பேனாவை வீசிப் பழகிய கை, ஐம்பது வயதுக்கு மேல், பெயரறியா இந்திய ஓவியரின் முன்னே முதல் வகுப்பு மாணாக்கனாக அமர்ந்து, அவருடைய நுண்ணிய கோட்டைக் கற்றது. பக்கவாட்டில் முகத்தை எழுதும் நம்மவர் வழக்கத்தையும், பட்டாடையின் மென்மையையும் அவர் மாற்றாமற் போற்றினார். பிறருக்கு நடைவண்டி கொடுத்தவர் தாமும் அதனைப் பிடிக்க நாணவில்லை.

மாணாக்கர் எவ்வாறாயினர்? டௌ லெய்டனிலேயே தங்கி, ஆசிரியர் கைக்கு நேர்மாறாக, கண்ணாடிபோல் மழமழப்பான சிறு படங்களை எழுதிப் பெருஞ்செல்வம் பெற்றார். மாஸ் என்பவர், இளம்பெண்கள் பழுப்பினும் வெண்மையையே விரும்புகின்றனர் என்று கண்டு தம் நடையை மாற்றிக்கொண்டு செழித்தார் என்பது ஹௌப்ராக்கன் கூற்று. பிளிங்க் என்பவருக்கோ ஆம்ஸ்டர்டாம் புதிய நகர மண்டபத்துக்குப் பன்னிரண்டு பெரிய படங்களை எழுதும் பணி 1659-இல் கிடைத்தது. அவர் 1660-இல் இறந்துபோகவே அதில் ஒரு பகுதி ஆசிரியருக்கு வந்தது. ரெம்பிராண்ட் எழுதிக் கொடுத்த படத்தை நகரத்தார் ஏற்காமல் 1662-இல் திருப்பிவிட்டனர். அதனைச் சிறிதாக வெட்டி விற்க வேண்டியதாயிற்று. வெட்டுண்ட அப்படம் இன்று ஸ்டாக்ஹோமில் உள்ளது. மாணாக்கருள் நம் உள்ளத்துக்கு மிக உகந்தவர் காரெல் பப்ரீஷியஸ். ஆசிரியர் இருட்டின்மேல் ஒளியை வைத்தாராக, இவர் வெளிச்சமான சுவரின்மேல் நிழலை வைத்துத் தம் வழி கண்டார். 1654-இல் டெல்ப்ட் நகரத்து வெடிமருந்துச் சாலை வெடித்தபோது முப்பத்திரண்டு வயதில் மாண்டார். கடைசி மாணாக்கராகிய ஆர்ட் டி கெல்டர், உலகம் மாறிய பின்னும் ஆசிரியர் நடையை விடாமல் பதினெட்டாம் நூற்றாண்டிலும் எழுதிவந்தார்.

மற்றப் பலர் பெயரிழந்தனர். முன்னர்க் கூறிய வழக்கத்தின் விளைவு இது. மாணாக்கர் படங்கள் ஆசிரியர் கடையினின்று விலைபோயின. காலம் செல்லச் செல்ல அவை ஆசிரியர் படங்களாகவே எண்ணப்பட்டன. 1935-இல் பிரேடியஸ் என்னும் அறிஞர் வெளியிட்ட அட்டவணையில் ரெம்பிராண்டின் சித்திரங்கள் 600-க்கு மேல் இருந்தன. 1968-இல் ஹாலந்து அறிஞர் சிலர் ஒன்றுகூடிப் படந்தோறும் மரப்பலகை, கித்தான், வர்ணம், எக்ஸ்-ரே கதிர் எனப் பலவற்றாலும் ஆராயத் தொடங்கினர். 2014-இல் முடிந்த அவ்வாராய்ச்சியில் அத்தொகை 340-ஐ ஒட்டிக் குறைந்துவிட்டது. உலகமெல்லாம் போற்றிய பொன் தலைச்சீராவணிந்த மனிதனின் படம் அவர் எழுதியதன்று என்று பெர்லினில் 1985-இல் தெரிவித்தபோது, காட்சிச்சாலைக்கு வந்து சென்றவர்கள் ஏமாற்றமுற்றனர். நமக்கோ அங்ஙனம் தோன்றவில்லை. அப்படத்தை எழுதிய பெயரறியாக் கை ஒன்று உண்டே! அதற்கு அந்நாள் வரை ஒருவரும் நன்றி கூறியதில்லை.

இவ்வாராய்ச்சிகளுள் ஒன்று நம் பொருளோடு நேரே தொடர்புடையது. கழுத்தில் இரும்புக் காப்பணிந்த இளம் ரெம்பிராண்டின் முகம், 1629-ஆம் ஆண்டை ஒட்டியது, இரண்டு படங்களாக உள்ளது: ஒன்று ஹேக் நகரத்து மௌரிட்ஸ் மாளிகையில், மற்றொன்று ஜெர்மனி தேசத்து நூரம்பர்க் நகரில். ஹேக் நகரத்துப் படமே மூலமென்றும் மற்றது படியென்றும் நெடுங்காலம் நம்பினர். ஏனெனில் அதுவே சீரானது, மென்மையானது. 1990-களின் இறுதியில் அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு நோக்கியபோது, ஹேக் படத்தின் வர்ணத்துக்கு அடியில், ஒவ்வொரு உறுப்பையும் அளந்து பார்த்து முன்னதாகவே வரைந்துகொண்ட கோடுகள் தென்பட்டன. தம் முகத்தைத் தாமே எழுதுபவர் அவ்வாறு கோடு வரைந்துகொள்ளும் வழக்கம் ரெம்பிராண்டினிடம் இல்லை. அது பார்த்தெழுதுவோன் செய்வது. நூரம்பர்க் படம் மூலமாயிற்று. ஹேக் படம் மாணாக்கன் ஒருவனுடைய பாடத்தாளாயிற்று. ஆசிரியர் தம் முகத்தையே மாணாக்கர் கையில் பாடமாகக் கொடுத்திருந்தார் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஹெந்திரிக்கியே 1663-இலும், டைட்டஸ் 1668-இலும் இறந்தனர். ரெம்பிராண்ட் 1669-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 4-ந் தேதி தம் அறுபத்துமூன்றாம் வயதில் காலமானார். ஆம்ஸ்டர்டாம் மேற்குக் கோயிலில், வாடகைக் குழியொன்றில், பெயர்க்கல் இன்றி அடக்கம் செய்யப்பட்டார். அவ்வாண்டிலும் அவர் கண்ணாடியை எடுத்து முன்னே வைத்துத் தம் முகத்தை எழுதினார். கன்னம் தளர்ந்து, மயிர் நரைத்து, தலையில் துணி சுற்றிய அம்முகத்தில், இளமையில் நடித்துக் காட்டிய வியப்பும் சினமும் இல்லை. எதிரே உள்ளதைப் பார்க்கும் இரண்டு கண்கள் மட்டும் உள்ளன. இப்படமும் ஹேக் நகரத்து மௌரிட்ஸ் மாளிகையிலேயே இருக்கின்றது. மாணாக்கன் ஒருவன் அளந்து அளந்து எழுதிய இளம் ரெம்பிராண்டும் அதே மாளிகையில் இருக்கின்றான்.